அவள் படிவத்தில் என் எண்

எங்கள் ஆறாம் படிவ வகுப்பறையில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு அது, மின்விசிறி இரண்டு இருந்தன. ஓடியது ஒன்று. அது முதல் வரிசைக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்காகத்தான் நான் அப்படிச் செய்தேன் என்று சொன்னால் என் பாடு சுலபமாகிவிடும். காற்றுக்காக இல்லை. ஆனால் ஆரம்பித்தது அங்கேதான், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

தவணைத் தேர்வு முடிவு வந்த மறுநாள் ஆறாம் படிவப் பொறுப்பாசிரியர் வகுப்புக்குள் வருவார். ஆள் ஒல்லி, குரல் மட்டும் தடிமன். எல்லாரையும் பையைத் தூக்கிக்கொண்டு பின்சுவரோரம் நிற்கச் சொல்லிவிட்டு, புள்ளி வரிசைப்படி பெயர் வாசிப்பார். பெயர் வந்தவர் போய் உட்கார வேண்டும். முதல் பெயருக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. கடைசிப் பெயருக்குக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில். எல்லாரும் உட்கார்ந்த பிறகு சுவரோரம் ஒருவர் மட்டும் நிற்பார் பாருங்கள், அவரை உடனே கூப்பிட மாட்டார். தாளை மடிப்பார், கண்ணாடியைத் துடைப்பார், இன்னும் யார் மிச்சம் என்று கேட்பார். நாங்கள் சிரிப்போம். நானும்தான், வாய்விட்டு.

பின்சுவரில் மூன்று தாள்கள் ஒட்டியிருக்கும். பல்கலைக்கழகம், தனியார் கல்லூரி, வேலை. ஒவ்வொரு தவணைக்கும் பெயர்கள் ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குப் போகும். பெரும்பாலும் இடமிருந்து வலமாகத்தான் போகும். வேலைத் தாளில் பெயர் உள்ளவர்கள் அடைவு நாளன்று மண்டபத்தில் நாற்காலி அடுக்க வேண்டும். அடைவு நாள் என்றால் பெற்றோர் வருவார்கள், நல்ல புள்ளிக்காரர்கள் மேடை ஏறுவார்கள், சுவரோரமாகக் கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் மேசை போட்டு ஆள் பிடிக்கும். நாற்காலி அடுக்கியவர்களை அப்படியே பாசிர் கூடாங் தொழிற்சாலை மேசைக்கு ஓட்டிவிடுவார்கள். அங்கே இலவசமாகக் குடையும் தண்ணீர்ப் போத்தலும் கிடைக்கும்.

படிவம் ஆறில் சேர்ந்த புதிதில் பள்ளியே வைத்த தேர்வில் நான்தான் முதல். சில மாதங்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். முதல் தவணை முடிவு வந்தபோது என் பெயர் இரண்டாவதாக வந்தது. முதலாவதாக வந்தது என் தோழியின் பெயர்.

சாஆ என்ற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பெண் அவள். அப்பா குலை வெட்டுகிறவர். அம்மா இல்லை, கடைசிப் பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் போய்விட்டார். அந்தத் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டே படித்தவள். காலையில் அப்பாவின் மோட்டாரில் சாஆவுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி யோங் பெங்குக்கு வருவாள். வகுப்புக்குள் நுழையும்போதே காலர் வேர்வையில் நனைந்திருக்கும். என் நாற்காலியில் அவளை உட்கார வைத்த அன்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நாற்காலிய இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போடு டி. உனக்கும் காத்து வரும்."

நடிப்பில்லை. அவள் அப்படித்தான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் திமிர் காட்டியிருந்தால், நானும் நாலு வார்த்தை பேசிச் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

என் அம்மா யோங் பெங்கில் விரைவு பஸ்கள் நிற்கிற சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருந்தாள். என் புள்ளியை அங்கேதான் போய்ச் சொன்னேன். ஒரு பஸ் கூட்டமே வரிசையில் நின்றது. அம்மா மீதிச் சில்லறையை ஒருவர் கையில் வைத்தபடியே, தலை நிமிராமல் பேசினாள்.

"காட்டுக்குள்ளேருந்து வர்ற புள்ள மொதல்ல வருது. உனக்கு ஃபேன் இருக்கு, டியூஷன் இருக்கு, வேளா வேளைக்குச் சோறு இருக்கு. என்ன இல்ல உனக்கு? மூளையா?"

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். நான் கடைக்குப் பின்னால் போய் எண்ணெய் டின்கள் மேல் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்தபோது அம்மாமேல் கோபம் இல்லை. அது முழுசாக வேறொருத்தி பக்கம் திரும்பியிருந்தது.

அந்த வேறொருத்தி தேர்வு சமயங்களில் எங்கள் வீட்டில்தான் தங்குவாள். ஒரே மெத்தை, ஒரே போர்வை. சாப்பிட உட்கார்ந்தால் அம்மா மீன் தலையை அவள் தட்டில் வைப்பாள். "சாப்புடும்மா, படிக்கிற புள்ள" என்பாள், என்னைப் பார்த்துக்கொண்டே. அவள் அந்தத் தலையைப் பாதியாகப் பிட்டு என் தட்டில் வைப்பாள். எனக்கு மீன் தலை பிடிக்கும். அதையும் தின்றேன்.

இரண்டாம் தவணையிலும் அவள்தான் முதல். மூன்றாவதிலும் அவளே.

இரண்டு பேருக்கும் ஒரே படிப்புமேல்தான் கண். தமிழாசிரியர் பட்டப்படிப்பு. இடங்கள் கையளவு, விண்ணப்பிக்கிறவர்கள் மண்டபம் கொள்ளாத கூட்டம். எனக்கு அது கிடைக்காவிட்டால் கணக்கியல், நிர்வாகம் என்று வேறு ஏதாவது இருந்தது. அவளுக்கு அது ஒன்றுதான். இராத்திரி போர்வைக்குள் படுத்துக்கொண்டு சொல்வாள்.

"டீச்சர் ஆயிட்டா அப்பாவ வெட்டுலேருந்து நிறுத்திடுவேன். தங்கச்சிய டவுனுக்குக் கூட்டியாந்துருவேன். இல்லன்னா இருக்கவே இருக்கு, பாசிர் கூடாங் பஸ்ஸு. எங்க தோட்டத்து வாசல்லயே வந்து நிக்குது."

மூன்றாம் தவணைத் தேர்வு முடிந்ததும் விண்ணப்பம் நிரப்பக் கணினி அறைக்கு வரச் சொன்னார்கள். அவளுக்குத் தட்டச்சு ஓடாது. ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவாள். நான் என்னுடையதை முடித்துவிட்டு அவளை நகர்த்தி உட்கார்ந்தேன். பெயர், அடையாள அட்டை எண், புள்ளி, புறப்பாடப் பொறுப்புகள், எல்லாம் நானே. கடவுச்சொல்லும் நான் வைத்ததுதான். தொலைபேசி எண் என்ற கட்டம் வந்தபோது நிறுத்தினேன்.

"அப்பா நம்பர் மாசத்துக்கு ஒன்னு மாறும்" என்றாள். "தோட்டத்துல லைனும் கெடைக்காது. தண்ணித் தொட்டிகிட்ட போய் நின்னாதான் ரெண்டு கோடு காட்டும். ஒன் நம்பரப் போடு லா."

"அட்ரஸு?"

"அதுவும் ஒன் வீடுதான். கடுதாசி எங்க தோட்டத்து ஆபிஸ்ல வந்து கெடந்தா கெடக்குறதுதான்."

தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். டவுனில் இருக்கிற யாரோ ஒருவரின் எண், யாரோ ஒருவரின் வீட்டு முகவரி. எங்கள் வகுப்பிலேயே நாலைந்து பேர் அப்படி. யாரும் அதை இரண்டாம் தடவை யோசிப்பதில்லை. என் எண்ணை அவள் படிவத்தில் தட்டினேன். இரண்டு படிவத்திலும் ஒரே எண். மறுநாளிலிருந்து காத்திருக்க ஆரம்பித்தோம், அவள் தோட்டத்தில், நான் டவுனில்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது கைபேசி அதிர்ந்தது. வாழ்த்துகள், நேர்காணலுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், ஜொகூர் பாருவில் இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன மண்டபம். வாயில் நுரையோடு "அம்மா, வந்துருச்சு" என்று கத்தினேன். அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து கைபேசியைப் பிடுங்கினாள். படித்தாள். முகம் மாறியது.

"இது ஒம் பேரு இல்லையே."

வாங்கிப் பார்த்தேன். வாழ்த்துகளுக்குப் பிறகு இருந்தது அவள் பெயர். அந்த அவசரத்தில் பெயர் என் கண்ணில் படவே இல்லை. அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு வந்துருச்சு. உனக்கு வரல" என்றாள். பிறகு, "பசியாற வா, தோசை ஆறுது" என்றாள். அவகிட்ட சொல்லிடு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தோசை சாப்பிட்டோம்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவளுக்கு நேரடியாகச் சொல்ல வழியில்லை, சரி, ஆனால் சாஆவுக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். நாளைக்குச் சொல்லலாம், எனக்கும் வரட்டும், சேர்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். வயிறு எரிந்தது, எரியட்டும் என்று விட்டேன். ஒரு நாளாவது அவள் என்னைவிடக் கீழே இருக்கட்டும் என்று பார்த்தேன்.

சனிக்கிழமை அவளே வந்துவிட்டாள். தங்கையையும் கூட்டி வந்திருந்தாள். ஒன்றாம் வகுப்புச் சீருடையில் இருந்தது அது, அன்றைக்குப் பள்ளியில் ஏதோ நிகழ்ச்சியாம். வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"மெசேஜ் வந்துச்சா?"

"இன்னும் வரல" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லியது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள், பிறகு உள்ளே போய் மூன்று பேருக்கும் மைலோ கலக்கிக் கொண்டுவந்தாள். சின்னது மைலோவைக் குடித்துவிட்டு மேலுதட்டில் மீசையோடு எங்கள் வீட்டுப் பூனையைத் துரத்திக்கொண்டிருந்தது. அவள் ஒரு பையைத் திறந்து காட்டினாள். உள்ளே சான்றிதழ்க் கோப்பு, அதற்குக் கீழே புதுக் கருப்புச் சப்பாத்து.

"தெமுடுகாவுக்குன்னு இப்பவே வாங்கிட்டேன். திடீர்னு கூப்ட்டாங்கன்னா எங்க போய்த் தேடுறது."

நேர்காணலைத் தெமுடுகா என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்வோம். அது நடக்க ஒன்பது நாள் இருந்தது.

திங்கட்கிழமை எனக்கும் செய்தி வந்தது. அதே மண்டபம், அதே நாள். இப்போது சொல்லிவிடலாம். நேரம் இருந்தது. ஆனால் சொன்னால், தனக்கு எப்போது வந்தது என்று கேட்பாள். என் கைபேசியை வாங்கிப் பார்ப்பாள். சனிக்கிழமை வரல என்று சொன்னாயே என்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, ஒரு ஆளின் வாழ்க்கையை அப்படியே மூடி வைத்தேன். பயம் பாதி. மீதிப் பாதி என்ன என்பது எனக்கும் தெரியும், படிக்கிற உங்களுக்கும் தெரியும். மண்டபத்தில் ஒரு ஆள் குறைந்தால் ஒரு இடம் கூடும்.

அடுத்த சனிக்கிழமையும் தங்கையோடு வந்தாள்.

"எனக்கு வந்துருச்சு டி" என்றேன். "உன் கணக்கத் தெறந்து நானே உள்ள போய்ப் பாத்துட்டேன். உன் பேரு இல்ல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் தங்கையின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாள். பின்னி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"நம்மாளுங்களுக்கு எங்க லா ரெண்டு பேருக்கும் குடுக்கப் போறாங்க. ஒருத்திக்குக் குடுத்ததே பெருசு."

எனக்குப் பொய்யின் மிச்சத்தை அவளே செய்து கொடுத்தாள். எங்கள் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். ஏதாவது ஒன்று கிடைக்கவில்லை என்றால் அரசாங்கத்தில் மேலே இருக்கிறவன் கொடுக்கவில்லை என்று முடித்துவிடுவோம். எத்தனையோ தடவை அது உண்மையாகவே இருந்திருக்கிறது, அதனால் பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது. "ஆமா டி, அவங்க அப்படித்தான்" என்றேன்.

போகும்போது பையிலிருந்த கருப்புச் சப்பாத்தை எடுத்து என் காலடியில் வைத்தாள். "உங்கிட்ட நல்ல சப்பாத்து இல்லல்ல. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சைஸு. போட்டுட்டுப் போ. எனக்கு எதுக்கு இனிமே."

வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சப்பாத்தோடுதான் ஜொகூர் பாருவுக்குப் போனேன். அம்மா கூட வந்தாள். குளிர்சாதனம் போட்ட மண்டபம், வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு அம்மையார் கையில் பட்டியலோடு வந்து பெயர் வாசித்தார். கூப்பிட்டவர்கள் எழுந்து உள்ளே போனார்கள். நடுவில் அவள் பெயர் வந்தது.

யாரும் எழவில்லை. இரண்டாம் தடவை இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். தலைகள் அங்குமிங்கும் திரும்பின. நான் என் காலைப் பார்த்தேன். புதுச் சப்பாத்து, மேலே விளக்கு வெளிச்சம் தெரிந்தது. பக்கத்தில் இருந்த அம்மா கைப்பையைத் திறந்து, ஒரு மிட்டாயைப் பிரித்து என் கையில் வைத்தாள். மூன்றாம் தடவை கூப்பிட்டார். நான் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். அம்மையார் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

உள்ளே நன்றாகப் பேசினேன். ஏன் ஆசிரியராக விரும்புகிறாய் என்று கேட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஆள் இல்லை என்று சொன்னேன். அது அவள் சொல்வதாக இருந்த பதில். எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை எனக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தது.

இடம் கிடைத்தது. அம்மா கடையில் எல்லாருக்கும் கேசரி கொடுத்தாள்.

அவள் அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. மூன்று தவணையும் முதலாக வந்த பிள்ளைக்கு இடமில்லையா என்று மேல்முறையீடு செய்ய வந்தார். யாரிடம் வந்தார் என்று நினைக்கிறீர்கள்? மலாயில் நன்றாக எழுதத் தெரிந்தவள் நான்தானே. காக்கிச் சட்டையும் தொப்பியுமாக எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வாங்க அங்கிள் என்றால் காலில் சேறு என்றார்.

"நல்லா காரமா எழுது பாப்பா. நம்ம புள்ளைங்கள எப்பவும் இப்படித்தான் பண்றானுங்க. விடக் கூடாது."

எழுதினேன். நேர்காணலுக்குக்கூட அழைக்கவில்லை என்று எழுதினேன், அந்த வரிக்குக் கீழே கோடும் போட்டேன். முகவரி இடத்துக்கு வந்ததும் என் வீட்டைத்தான் எழுதப் போனேன். அவர் தடுத்தார்.

"வேணாம் பாப்பா. உனக்கு எதுக்குச் செரமம், நீதான் யுனிவர்சிட்டிக்குப் போயிருவியே. எங்க ஆபிஸ் அட்ரஸே போடு. கணக்கெழுதுற கிராணிகிட்ட சொல்லி வச்சிருக்கேன், வந்தா கையிலயே கொண்டாந்து குடுத்துருவாரு."

மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. பல்கலைக்கழக விடுதியில் யாராவது கதவைத் தட்டினால் கடுதாசியோடு அவள்தான் வந்துவிட்டாள் என்று நினைப்பேன். ஒன்றும் நடக்கவில்லை. பதிலே வரவில்லை போலிருக்கிறது, எந்தக் கடுதாசிக்குத்தான் பதில் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். முதல் விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது அவள் பாசிர் கூடாங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இரசாயன ஆலை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். என்னைப் பார்க்க வந்தாள். மேல்முறையீடு என்ன ஆச்சு என்று நான் கேட்டேன், கேட்காவிட்டால் தப்பாகிவிடுமே. "அது அப்படியே போச்சு" என்றாள். சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நீயே வச்சிக்க, ஆலையில் அவர்களே பூட்ஸ் கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள்.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருடம். நான் ஆசிரியையாகி, சுற்றிச் சுற்றி, படித்த அதே பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். இப்போது ஆறாம் படிவப் பொறுப்பு என்னிடம். பழைய ஒல்லி ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் பழக்கம் ஓய்வு பெறவில்லை. புள்ளி வரிசைப்படி நானும் உட்கார வைக்கிறேன். பின்சுவரில் மூன்று தாள்கள் இருக்கின்றன, இப்போது வண்ணத்தில் அச்சடித்து. போன வருடம் ஒரு மாணவியின் அம்மாவிடம், மண்டபத்தில், மைக் அணைக்காமல், "உங்க பொண்ண ஏன் மா இங்க அனுப்பி நேரத்த வீணாக்குறீங்க" என்று கேட்டேன். கண்டிப்பான டீச்சர் என்கிறார்கள். கண்டிப்பு இல்லை அது. என்னைவிடக் கீழே யாராவது நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும், அவ்வளவுதான்.

ஒரே ஒருத்தியிடம் மட்டும் அப்படிப் பேசியதில்லை. அவள் தங்கையிடம். மைலோ மீசையோடு பூனையைத் துரத்தியது வளர்ந்து என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தது. அதற்கு முன்பிருந்தே, ஒவ்வொரு தீபாவளிக்கும் அதற்குத் துணி நான்தான் எடுப்பேன். படிவம் மூன்றிலிருந்து டியூஷன், சும்மாவே. புத்தகம், கண்ணாடி, விடுதிக்கு மெத்தை. அக்கா ஒவ்வொரு தடவையும் "எதுக்கு லா இதெல்லாம்" என்பாள், வாங்கிக்கொள்வாள். கெட்டிக்காரப் பெண். இரண்டு தவணையும் முதல். மின்விசிறிக்குக் கீழேதான் உட்காருகிறாள். விண்ணப்பிக்கப் போவது தமிழாசிரியர் படிப்புக்கு.

இரண்டாம் தவணை அடைவு நாளன்று அக்கா வந்தாள். வேலை முடிந்து நேராக பாசிர் கூடாங்கிலிருந்து, நீலச் சட்டையும் கனத்த பூட்ஸுமாக. அப்பா போன வருடம் தவறிவிட்டார், பாதுகாவலர் இடத்தில் இனி இவள்தான். தங்கை மேடை ஏறியபோது கைதட்டாமல் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான தகவல் படிவத்தைக் கொடுக்க என் மேசைக்கு இரண்டு பேரும் வந்தார்கள். நான் பேனாவை வைத்து ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தேன். தொடர்பு எண் ஒன்று, தங்கையுடையது. தொடர்பு எண் இரண்டு. பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

"இது என் நம்பர்" என்றேன்.

"ஆமா டீச்சர்." தங்கை பக்கத்தில் இருந்தால் அக்கா என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "பிளாண்ட் உள்ள போன் கொண்டு போக விட மாட்டாங்க. கேட்லயே லாக்கர்ல வச்சிட்டுப் போகணும். அவசரத்துக்கு ஒரு நம்பர் வேணும்ல. நீங்கதான் நம்பர் மாத்தவே இல்லையே."

தங்கையைத் தோழிகள் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். ஓடினாள். அவள் போகும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டீச்சர் போய்விட்டது.

"நீ எழுதிக் குடுத்த அப்பீலுக்கு அந்த வருஷமே பதில் வந்துச்சு. கிராணிதான் கொண்டாந்து குடுத்தாரு."

என் பேனா அவள் கையெழுத்துக்கு மேல் நின்றது. என்ன எழுதியிருந்தார்கள் என்று கேட்டேன். அதைவிட அசட்டுக் கேள்வி உலகத்தில் இல்லை.

"கூப்ட்டோம், மெசேஜ் அனுப்புனோம், வரல. அதனால அப்பீல் எடுத்துக்க முடியாதுன்னு." பக்கத்து மேசையில் யாரோ இலவசக் குடையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதையும் ஒரு பார்வை பார்த்தாள். "அப்பாகிட்ட எடமில்லன்னு படிச்சுக் காட்டிட்டேன். சாகுற வரைக்கும் கவர்மெண்டத்தான் திட்டிக்கிட்டுக் கெடந்தாரு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணிருப்ப? ரெண்டு நாள் அழுவ. மன்னிச்சிக்கன்னு கால்ல விழுவ. அதோட உனக்கு ஆறிரும்." குரலில் சூடே இல்லை, ஷிஃப்ட் நேரம் சொல்வதுபோலப் பேசினாள். "தீபாவளிக்குத் தீபாவளி துணி எடுத்த. டியூஷன் குடுத்த. மெத்த வாங்குன. ஏன் செய்றன்னு எனக்குத் தெரியும். அது நின்னுறக் கூடாதுன்னுதான் சொல்லல. எனக்கு இவ படிக்கணும்."

நான் பேனாவை மூடி வைத்தேன். தங்கை திரும்பி வந்துவிட்டாள். அக்கா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இந்தத் தடவ மெசேஜ் வந்தா சொல்லிருங்க டீச்சர்" என்றாள்.

"சொல்லாம எங்க போயிரப் போறாங்க" என்று தங்கை சிரித்தாள். நான் படிவத்தில் முத்திரை குத்தி அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டேன்.

மூன்றாம் தவணையும் முடிந்துவிட்டது, விண்ணப்பமும் போய்விட்டது. நேர்காணல் அழைப்பு எந்த நாளும் வரலாம். வந்தால் தங்கையின் கைபேசிக்கே வரும், கணக்கைத் திறந்து அவளே பார்த்தும் கொள்வாள். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தாலும் சனிக்கிழமை தவறாமல், ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து கைபேசியை எடுத்ததும், எனக்குத்தான் கூப்பிடுகிறாள்.

"மெசேஜ் வந்துச்சா?"

"இன்னும் வரல" என்கிறேன்.

உண்மையாகவே வரவில்லை. அந்தப் பக்கம் தொழிற்சாலை பஸ் உறுமுவது மட்டும் கேட்கும். பிறகு, "சரி டீச்சர்" என்று வைத்துவிடுவாள்.